வரிசை எண் 304

கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து நாலு மைல் உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் சிரில் ஸ்டோர் கிராணி, அதாவது சாமான் கிடங்கின் குமாஸ்தா. பால் வாளி, மண்வெட்டி, உரமூட்டை, லோரிக்குப் போடும் எண்ணெய் எல்லாம் அவர் கையெழுத்து இல்லாமல் வெளியே போகாது. ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் அட்டை. அட்டையில் பெயர், எண், எந்த அலமாரி, எந்தத் தட்டு. பத்தொன்பது வருஷத்தில் ஓர் ஆணிகூட அட்டை இல்லாமல் அந்த ஸ்டோரில் குடியிருந்தது கிடையாது. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தத் தீவு விவகாரத்துக்குப் பிறகு இதையே தன் வியாதி என்று சொல்ல ஆரம்பித்தார்.

விவகாரம் 1987 கடைசியில் தொடங்கியது. ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வரப்போகிறது, போய்க் கற்றுக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். சிரிலுக்கு வயது நாற்பத்திரண்டு. சுங்கைப் பட்டாணியில் தர்மலிங்கம் என்பவர் நடத்திய டைப்ரைட்டிங் பள்ளியில் அந்த வருஷ நடுவில் புதிதாக இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் சிரில் அங்கே போய், தன்னில் பாதி வயதுள்ள பெண்பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து, ஒரு விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தார். சொல்லிக்கொடுத்தவள் அகத்தா. இருபத்தேழு வயது. சத்தம் போட்டுப் பேச மாட்டாள். தவறு செய்தால் பென்சிலால் திரையைத் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவாள்.

நாலாவது வாரம் தர்மலிங்கம் வந்து தோளைத் தட்டினார்.

"கிராணி, அடிச்சு அடிச்சு போரடிக்குதா? வாங்க, பினாங்குக்குப் போயிட்டு வருவோம். கடல் தாண்ட பெர்ரிலாம் வேணாம்."

அந்த அறையின் மூலையில் டெலிபோனோடு ஒரு சிறு பெட்டியைச் சேர்த்து வைத்திருந்தார். மோடம் என்றார். அது கோழி கூவுவதுபோல் ஏதோ கூவி முடித்ததும், பினாங்கில் யாரோ ஓர் இளைஞர் தன் வீட்டில் வைத்திருந்த கம்ப்யூட்டரின் எழுத்துகள் சுங்கைப் பட்டாணியில் பச்சையாக வந்து நின்றன. புல்லட்டின் போர்டு. அதில் ஆட்கள் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிப் போடலாம். அதோடு ஒரு விளையாட்டும் இருந்தது.

படம் எதுவும் கிடையாது, எழுத்து மட்டும்தான். ஒரு தீவு. அதில் அறுநூற்றுச் சொச்சம் இடங்கள். நீங்கள் ஓர் இடத்துக்குள் போனால் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று திரை சொல்லும். மேல் மூலையில் அந்த இடத்தின் குறியீடும் தெரியும். ஓர் எழுத்து, மூன்று எண்கள். அதை வைத்திருந்தால் அடுத்த முறை தீவின் எந்த மூலையிலிருந்தும் குறியீட்டை அடித்து நேராக அங்கே போய்விடலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு இடமாக நடக்க வேண்டும். பினாங்கில் இருந்தது ஒரே ஒரு டெலிபோன் இணைப்பு. வடக்கே பல ஊர்களிலிருந்து பதினேழு பேர் அதைப் பங்குபோட்டுக்கொண்டதால் ஆளுக்கு ஒரு தடவைக்குக் கால்மணி நேரம்தான். நடந்தே போகிறவன் பாதி வழியில் நேரம் முடிந்து நிற்பான்.

தீவுக்குள் போகத் தனக்கொரு பெயர் வைக்க வேண்டும். சிரில் 'கேப்டன் கெடா' என்று வைத்தார். பெயர் யோசிக்கவே ஐந்து நிமிடம் போயிற்று. மிச்சப் பத்து நிமிடத்தில் கேப்டன் கெடா ஆற்றில் இறங்கினான், முதலை தின்றுவிட்டது. செத்தவன் அதுவரை சேர்த்ததையெல்லாம் இழந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த வாரமும் அதே ஆறு, அதே முதலை. மூன்றாவது வாரம் ஆற்றுப் பக்கமே போகாமல் எதிர்த்திசையில் நடந்து ஒரு கிணற்றில் விழுந்தான்.

மூன்று சனிக்கிழமை, மூன்று சாவு. வேறு யாராக இருந்தாலும் தனக்கு விளையாட வரவில்லை என்று முடிவு செய்திருப்பார்கள். சிரில், அந்தத் தீவில் ஆவணங்கள் சரியில்லை என்று முடிவு செய்தார்.

பீடோங் கடையில் இருநூறு வெற்று அட்டை வாங்கினார். ஓர் இடத்துக்கு ஓர் அட்டை. போர்டில் ஒரு கடிதம் போட்டார்: தீவின் இடக் குறியீடுகளை முறையாகத் தொகுக்கப் போகிறேன், தெரிந்தவர்கள் தெரிவிக்கவும். ஆட்கள் அனுப்பினார்கள். நாற்பது குறியீடுகள் நூற்றிருபதாகி, பிறகு இருநூற்றைம்பது ஆயின. இருநூறு அட்டை போதவில்லை.

அவருடைய மனைவி பிரிஜெட் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. சாப்பாட்டு மேசையில் பரப்பிக் கிடந்த அட்டைகளில் ஒன்றை எடுத்துப் படித்தாள்.

"குரங்குப் பாலம். கிழக்கே மூங்கில் காடு. ஆபத்து, மூன்றாம் தரம். என்னாங்க இது? தோட்டத்துல புதுசா பாலம் கட்டுறாங்களா?"

"இது வேற வேல."

"ஸ்டோர்ல இருக்கற சாமான் பத்தலன்னு இல்லாத ஊருக்கு வேற அட்ட போடறீங்களா?"

சிரில் அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி வரிசையில் வைத்தார். பெரிய வேலை செய்கிறவர்களை வீட்டில் இருப்பவர்கள் புரிந்துகொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைத்ததைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது சூடாகும்.

அட்டவணைக்கு ஆறு பத்திகள் வைத்தார்: வரிசை எண், குறியீடு, இடம், அண்டை இடங்கள், ஆபத்து, குறிப்பு. ஆபத்தை ஐந்து தரமாகப் பிரித்தார். முதல் தரம் காலில் சிராய்ப்பு, ஐந்தாம் தரம் சாவு. ஐந்தாம் தரத்தில் அவருக்கு ஏழு தடவை நேரடி அனுபவம் இருந்ததால் அந்தத் துறையில் தன்னைவிடத் தகுதியானவன் இல்லை என்று நம்பினார். பிறகு, குறியீடு தெரியும், இடம் எது என்று தெரியாதவனுக்கு ஒரு வரிசை. இடம் தெரியும், குறியீடு தெரியாதவனுக்கு அகர வரிசை. இரண்டும் தெரியாதவனுக்குத் திசை வரிசை. முன்னுரை மட்டும் இரண்டு பக்கம்.

இதையெல்லாம் டைப் அடித்துக் கொடுத்தது அகத்தா. அவர் ஒரு விரலால் அடித்திருந்தால் தீவுக்கே கிழடு தட்டியிருக்கும். முதல் நாளே அவளிடம் சொல்லி வைத்தார்:

"அகத்தா, நான் எழுதியிருக்கறத அப்படியே அடிம்மா. ஒரு எழுத்து மாத்தாத. இதெல்லாம் ஆராய்ச்சி."

"சரி, அண்ணே," என்றாள்.

அட்டவணை போர்டில் ஏறியதும் வாராவாரம் யாராவது நன்றி எழுதினார்கள். அலோர் ஸ்டாரிலிருந்து ஒருவர், பட்டர்வொர்த்திலிருந்து இருவர். நேரில் வந்து சொன்னவர் கூலிம் அழகேசன். லோரி ஓட்டுபவர், முப்பத்தைந்து வயதிருக்கும். சனிக்கிழமைதோறும் கூலிமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து தர்மலிங்கம் பள்ளியில் தன் கால்மணி நேரத்தை ஆடிவிட்டுப் போவார். தீவில் அவர் பெயர் 'கூலிம் ராஜா'. அட்டவணையை நகலெடுத்து, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்திருந்தார்.

"கிராணி அண்ணே, ஒங்க பொஸ்தகம் இல்லாட்டி நான் இன்னும் அந்த ஆத்தங்கரயிலதான் நிப்பேன்லா," என்றார்.

புத்தகம் என்றாரே! சிரிலுக்கு அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழி முழுக்க மோட்டார் தரையில் ஓடிய மாதிரியே இல்லை.

அந்தச் சந்தோஷத்துக்கு வேட்டு வைத்தவன் முசாங். மரநாயின் பெயரை வைத்துக்கொண்ட ஓர் ஆள். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. 'வரிசை 88. மூங்கில் காடு மேற்கே, கிழக்கே இல்லை.' அவ்வளவுதான் கடிதம். மறுவாரம், 'வரிசை 112. இது குகை, கிணறு இல்லை.' சிரில் கேப்டன் கெடாவை அனுப்பிப் பார்த்தார். மூங்கில் காடு மேற்கேதான் இருந்தது. கிணறும் குகைதான், உள்ளே ஒரு கரடியும் இருந்தது. அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் திருத்தி, 'மேலும் செய்த ஆய்வில் தெரியவந்தது' என்று போட்டுக்கொண்டார். யார் செய்த ஆய்வு என்று போடவில்லை.

முசாங் மொத்தம் பத்தொன்பது பிழை சொன்னான். பதினேழு சரியாக இருந்தது. சிரில் மனத்தில் முசாங்குக்கு ஓர் உருவம் கொடுத்து வைத்திருந்தார்: பினாங்கில் ஏதோ கல்லூரியில் விரிவுரையாளர், கண்ணாடி, கழுத்தில் ஸ்வெட்டர், தோட்டத்து ஆள் என்றால் இளக்காரம். மோட்டாரில் போகும்போது அந்த விரிவுரையாளரோடு வாதாடிக்கொண்டே போவார். ஒருநாள் சுங்கைப் பட்டாணி சிக்னலில் நின்றபோது "ஒனக்கென்னய்யா தெரியும்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார். பக்கத்து மோட்டாரில் இருந்த மலாய்க்காரர் என்ன விஷயம் என்று திரும்பிப் பார்த்தார். சிரில் பச்சை விளக்கு வருவதற்குள் கிளம்பிவிட்டார்.

ஜனவரியில் கேப்டன் கெடாவின் வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. தேனீக்கள் துரத்த, எந்தப் பக்கம் ஓடுகிறோம் என்று பார்க்காமல் ஓடியவன் மலையுச்சிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். 'தீவின் மிக உயரமான இடத்தில் நிற்கிறீர்கள். நான்கு பக்கமும் கடல் தெரிகிறது' என்று திரை சொன்னது. சிரில் நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். பக்கத்து மேசைப் பெண் அவரைப் பார்த்துவிட்டுத் தன் தாளைப் பார்த்துக்கொண்டாள். அவர் குறியீட்டை அட்டையில் எழுதி முடிக்கவும் கால்மணி நேரம் முடிந்து இணைப்பு அறுபடவும் சரியாக இருந்தது. மறுவாரம் விளையாட்டில் மண்சரிவு ஏற்பட்டு மலைப்பாதை அடைபட்டது, கே வரிசைக் குறியீடுகளும் பூட்டப்பட்டன. இனி யாரும் போய்ப் பார்க்க முடியாது. மலையின் குறியீடு தெரிந்தவன் தான் ஒருவன்தான் என்று சிரில் நினைத்தார்.

அடுத்த பதிப்பை அடிக்கும்போது அகத்தா நிறுத்தினாள்.

"அண்ணே, 304. மலையுச்சி. கடைசி நம்பர் ஒன்னா, ஏழா?"

சிரில் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஏழு. கே 247."

"நல்லா பாத்துச் சொல்லுங்கண்ணே. எனக்கு ஒன்னு மாதிரி தெரியுது."

"அகத்தா, அந்த மலமேல நின்னவன் நானு. எழுதுனவனும் நானு. ஏழுன்னா ஏழு. அடிம்மா."

அவள் அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு ஏழு என்று அடித்தாள்.

மறுவாரமே முசாங்கின் கடிதம் வந்துவிட்டது. 'வரிசை 304. கே 241.' சிரிலுக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு முழுப் பக்கம் ஆங்கிலத்தில் பதில் எழுதினார். கடைசி வரி இப்படி: 'மேற்படி இடத்துக்கு ஆசிரியர் நேரில் சென்று சரிபார்த்துள்ளார். இதுகுறித்து இனிக் கடிதப் போக்குவரத்து கிடையாது.' தன்னை ஆசிரியர் என்று எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மார்ச் மாதம் பினாங்கு இளைஞர் போர்டில் ஓர் அறிவிப்புப் போட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தீவில் கடல் பொங்கும். மலையுச்சியில் இருப்பவர்கள் மட்டும் பிழைப்பார்கள். பாதை அடைபட்டிருப்பதால், அன்று மட்டும் திறக்கும் குறியீட்டால்தான் போக முடியும். அந்த வாரத்துக்குள் ஒவ்வொருவரும் தாம் போக வேண்டிய குறியீட்டைக் கொடுத்து வைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு எல்லாரையும் இயந்திரம் ஒரே நேரத்தில் கொண்டுபோய் விடும்.

வாரம் முழுக்க சிரிலுக்குத் தலைகால் புரியவில்லை. போர்டில் எல்லாரும் 'அட்டவணை 304 பார்க்கவும்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு தீவையே காப்பாற்றப் போகிறோம் என்ற நினைப்பில், ஆட்களை மேய்த்துக்கொண்டு உரமூட்டை வாங்க வந்த மண்டோரிடம்கூடச் சிரித்துப் பேசினார். மண்டோர் பயந்துபோய் உரத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிரிஜெட்டை வீட்டில் விட்டுவிட்டு நேராகச் சுங்கைப் பட்டாணிக்குப் போனார். தர்மலிங்கம் பள்ளியைத் திறந்து வைத்திருந்தார். அகத்தா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழகேசன் மழைச் சட்டையோடு வந்து நின்றார். பன்னிரண்டரைக்கு இணைப்புக் கிடைத்தது. தர்மலிங்கம் பிரிண்டரைப் போட்டுவிட்டார். அது கரகரவென்று இழுத்து இழுத்து ஒவ்வொரு வரியாக அடித்தது.

"கே 247. கைவிடப்பட்ட ஈயக் குட்டை. ஆழம் நூறு அடி," என்று தர்மலிங்கம் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெயர்கள் வந்தன. 'அலோர் ஸ்டார் புலி, மூழ்கினார். கூலிம் ராஜா, மூழ்கினார். கேப்டன் கெடா, மூழ்கினார்.' பதினாறு பேர். பிரிண்டருக்கு ஈவு இரக்கமே இல்லை. பதினாறு தடவையும் அந்தச் சொல்லை முழுசாக அடித்தது. கடைசியில் ஒரு வரி: 'மலையுச்சியில் இருப்பவர், முசாங்.'

அழகேசன் தாளை வாங்கித் தன் பெயரை மட்டும் பார்த்தார். எட்டு மாதமாகச் சாகாமல் வளர்த்த கூலிம் ராஜா. சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, சத்தம் வராமல் மேசைமேல் வைத்தார். மழைச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் சிரில் குற்றவாளியைத் தேடினார். முதலில் டெலிபோன் இரைச்சல். பிறகு பிரிண்டர். பிறகு, சொல்லவே கூசியது, டைப் அடித்தவள். பீடோங் வருவதற்குள் மூன்று பேரையும் விசாரித்து மூன்று பேருக்கும் தண்டனை கொடுத்தாயிற்று. வீட்டில் அந்த அட்டையை எடுத்து பிரிஜெட்டிடம் நீட்டினார்.

"கடைசியில இருக்கறது என்னா நம்பர்?"

"ஒன்னு."

"நல்லா பாரு."

"ஒன்னுதாங்க. ஒங்க ஒன்னுக்குத்தான் எப்பவும் மூக்கு இருக்குமே. வாசல்ல வீட்டு நம்பர் எழுதனீங்களே, போஸ்ட்மேன் எத்தன தடவ ஏழாம் நம்பர் வீட்டுல நம்ம கடுதாசியக் குடுத்துட்டுப் போயிருக்காரு?"

சிரில் மேசையில் உட்கார்ந்து ஐம்பது அறுபது அட்டைகளைப் புரட்டினார். எல்லா ஒன்றுக்கும் மூக்கு இருந்தது. ஏழுக்கும் இருந்தது. ஸ்டோரில் எண்கள் அச்சிட்டே வரும். பத்தொன்பது வருஷமாகத் தன் கையெழுத்தை அவர் நம்பித் தொலைக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை மன்னிப்புக் கடிதத்தோடு போனார். நாலு பக்கம். முதல் இரண்டு பக்கம் அட்டவணையின் வரலாறு. அகத்தா படித்தாள். பென்சிலால் முதல் மூன்று பக்கத்தின் குறுக்கே கோடு போட்டாள்.

"நான் தப்பா எழுதிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு மட்டும் போதும்ண்ணே."

"முசாங்குக்குத் தனியா ஒன்னு எழுதணும். அந்தாளு சொன்னதக் கேட்டிருந்தா…"

"அந்தாளு இல்லண்ணே." அவள் பென்சிலை வைத்துவிட்டாள். "நாந்தான்."

சிரிலுக்கு முதலில் புரியவில்லை. கண்ணாடி போட்ட விரிவுரையாளர் ஸ்வெட்டரோடு கொஞ்ச நேரம் தலைக்குள் நின்றுவிட்டுத்தான் போனார். அவரைத் திட்டிக்கொண்டே மோட்டாரை நிறுத்தி, உள்ளே வந்து, இவளிடம் அட்டையை நீட்டிய சனிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தார்.

"நேர்லயே சொல்லியிருக்கலாமே, அகத்தா."

"சொன்னேனே. ஒன்னா ஏழான்னு கேட்டேனே."

சிரில் கோடு போட்ட பக்கங்களை எடுத்து மடித்தார்.

"வாயில சொன்னா நீங்க கேக்க மாட்டேங்கறீங்க. போர்டுல வந்தா ஒடனே போய்ப் பாக்கறீங்க. அதான் அப்படி எழுதனேன்," என்றாள். "எம்மேலயும் தப்பு இருக்கு. நானே மலமேல போயிருக்கேன், எனக்கு நல்லாத் தெரியும். அன்னிக்கு ஒன்னுன்னு அடிச்சிருந்தா முடிஞ்சுபோச்சு. ஒரு எழுத்து மாத்தாதன்னு சொன்னீங்களே, இருக்கட்டும்னு அடிச்சேன். வீம்பு. இப்ப ஒரு வாரமா மலமேல நான் மட்டும் நிக்கறேன். பேச ஒரு ஆள் இல்லண்ணே."

அன்றைக்கு அழகேசன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. தர்மலிங்கத்தின் பதிவேட்டில் விலாசம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சிரில் மோட்டாரில் கூலிமுக்குப் போனார். பிரிஜெட்டும் பின்னால் ஏறிக்கொண்டாள். "நூறு அடி தண்ணியில முழுகுன மனுசன நானும் பாக்கணும்," என்றாள். அழகேசன் வீட்டு வாசலில் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் குழாயை மூடிவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, வாங்க என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் மனைவி பாப்பம்மா கோப்பி கலக்கப் போனாள்.

வழி முழுக்க ஒத்திகை பார்த்ததைச் சிரில் சொல்லத் தொடங்கினார். தன் ஒன்றின் மூக்கைப் பற்றி, போஸ்ட்மேனைப் பற்றி, தன்னைக் கிண்டல் செய்து கொஞ்சம் சிரிக்க வைத்துவிட்டால் லேசாகிவிடும் என்று நினைத்திருந்தார். அழகேசன் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார். கோடு போட்ட தாளில் பெரிய பெரிய எழுத்தில், ஒவ்வொன்றும் தனித்தனியாக, அவர் போன இடங்களின் குறியீடுகள். 'மலை, கே 241.' அந்த ஒன்றை அடித்துவிட்டு மேலே ஏழு என்று எழுதியிருந்தது.

"நான் டிசம்பர்லயே மலைக்குப் போயிட்டு வந்தேண்ணே. எழுதி வச்சிருந்தேன்."

"அப்புறம் ஏன் மாத்தினீங்க?"

"நீங்க கிராணி. நான் ஆறாங்கிளாஸ். டைப் அடிச்சு வந்திருக்கு. நாமதான் தப்பா எழுதியிருப்போம்னு நெனச்சேன்."

சிரில் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாகத் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. அழித்த அந்த ஒன்று நேராக, மூக்கில்லாமல், பார்த்தவுடன் ஒன்று என்று தெரிகிற மாதிரி இருந்தது.

"கோவம் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குலா. எட்டு மாசம். லோரியில போனா தெனம் அதே ரோடு, அதே பாலம், அதே ஆபீஸ் கேட்டு. சனிக்கிழம அந்தக் கால்மணி நேரந்தான் நான் தெரியாத எடத்துக்குப் போறது."

பிரிஜெட் கோப்பியைக் குடித்தாள். சிரில் நோட்டுப் புத்தகத்தை மூடி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"பினாங்குக்காரரு ஏப்ரல்ல தீவ மறுபடி திறக்கறாராம். குறியீடெல்லாம் புதுசு. நானும் அகத்தாவும் மறுபடி தொகுக்கலாம்னு இருக்கோம். இந்தத் தடவ ஒரு வரியக்கூட, நீங்க ஒங்க நோட்டுல பாத்துச் சரின்னு சொல்லாம போட மாட்டேன். வர்றீங்களா?"

அழகேசன் பதில் சொல்வதற்குள் பாப்பம்மா உள்ளிருந்து வந்தாள்.

"ரெண்டு வாரமாத்தான் மனுசன் சனிக்கிழம வீட்டுல இருக்காரு. பசாருக்குப் போயி மீன் வாங்கியாறாரு. அதுக்குள்ள வந்து கூப்பிடறீங்களே, நல்லா இருக்கா?"

"மீன வாங்கிக் குடுத்துட்டு வரட்டும்," என்றாள் பிரிஜெட்.

அன்றைக்கு அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

பழைய அட்டைகள் முழுக்க வீணாயின. பிரிஜெட் அவற்றின் பின்பக்கத்தில் எழுத்துகள் எழுதி ஒன்றாம் வகுப்புக்குக் கொண்டுபோய்விட்டாள். ஏப்ரலில் தீவு திறந்தது. மூன்றாவது சனிக்கிழமை மத்தியானம், சிரிலும் அகத்தாவும் ஏழின் நடுவில் கோடு போட வேண்டுமா வேண்டாமா என்று வாதாடிக்கொண்டிருந்தபோது, அழகேசன் மழைச் சட்டையைக் கழற்றியபடி உள்ளே வந்தார். கையில் புது நோட்டு. யாரையும் ஒன்றும் கேட்காமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கோடு போடுங்க," என்றார்.

வேலை தானாகவே பிரிந்துகொண்டது. அகத்தா பாதை கண்டுபிடிப்பாள். அழகேசன் எழுதுவார், அவர் எழுத்துதான் மூலம். ஆபத்தைச் சோதிக்கச் சிரிலை அனுப்பினார்கள். சாவதற்கு அவரைப்போல் ஆள் கிடையாது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கேப்டன் கெடா அந்த வருஷம் முப்பத்தொரு தடவை செத்தான், முப்பத்தொன்றும் பதிவாயிற்று. அகத்தா ஒரு எண்ணைக் கேட்டால் சிரில் இப்போது நோட்டை அவளிடமே கொடுத்துவிடுவார். எல்லா நாளும் அப்படி என்று சொல்ல முடியாது. இரண்டு தடவை பழைய குரலில் "அடிம்மா" என்று வந்துவிட்டது. இரண்டு தடவையும் அழகேசன் நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். அவ்வளவுதான்.

செப்டம்பரில் புது அட்டவணை முடிந்தது. அறுநூற்று நாற்பது வரி. முன்னுரையைச் சிரில் அரைப் பக்கமாகக் குறைத்திருந்தார். அகத்தா அதை மூன்று வரியாக்கினாள். யார் பெயரைப் போடுவது என்று தர்மலிங்கம் கேட்டார். யார் பெயரும் வேண்டாம் என்றாள் அகத்தா. வேண்டாம் என்றார் அழகேசன். சிரிலும் வேண்டாம் என்றார். கொஞ்சம் தாமதமாகச் சொன்னார்.

மூன்று பெயரையும் போட்டுவிடலாமே என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அகத்தா கை கழுவப் போனபோது அவரே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். ஒரு விரலால், கடைசிப் பக்கத்தின் அடியில், தேடினால்தான் தெரிகிற இடத்தில், முசாங், கூலிம் ராஜா என்று அடித்தார். யோசித்தார். வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, கேப்டன் கெடா என்றும் அடித்தார்.

அகத்தா திரும்பி வந்து, பிரிண்டரில் போடும் முன் வழக்கம்போல் கடைசிவரை படித்துப் பார்த்தாள். அந்த வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது. சிரில் ஜன்னலுக்கு வெளியே பஸ் நிலையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்துப் பிழை இல்ல," என்றாள் அவள். பிரிண்டரைப் போட்டுவிட்டாள்.